மேயருக்கு நீ பேசிய வசனம்

இன்று காலை பஸ் வண்ணார்பேட்டையைத் தாண்டும்போது கைபேசியில் படம் பார்க்கும் செயலியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. நான் பட்டியலில் வைத்திருந்த படம் மீண்டும் வந்திருக்கிறதாம். அதே படம்தான். நீ போய் ஏழு மாதம் கழித்து வருகிறது.

உன் வாப்பா சவுதியிலிருந்து கொண்டுவந்த கேசட்டுகளில் அது ஒன்றுதான் ஆங்கிலம். பிரிட்டிஷ்காரர்கள் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படம். ஒன்பதாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தபோது, மேலப்பாளையத்தில் உன் வீட்டு முன்னறையில் எத்தனை முறை பார்த்திருப்போம்! ஒரு வார்த்தை புரியாது. அதனால் சத்தத்தை நிறுத்திவிட்டு நாமே பேசினோம். தொப்பி போட்ட மேயருக்கு நீ, அவர் மனைவிக்கு நான்.

"ஏட்டி, கருவாட்டுக் கொழம்பு வச்சியா இல்லியா?" என்பாய், அடித்தொண்டையில்.

"கருவாட்டப் பூனை தூக்கிட்டுப் போயிட்டுவே" என்பேன் நான்.

உன் உம்மா வந்து அதட்டும்வரை சிரிப்போம்.

மூன்றாவது கீமோ முடிந்து வீட்டில் படுத்திருந்தபோது, "அந்தப் படத்த இன்னொரு தடவ பாக்கணும்ட்டி" என்றாய். அப்போதே கைபேசியில் தேடினேன். இருந்தது. உடனே போட்டிருக்கலாம். "ஞாயித்துக்கெழம வாரேன், பெரிய டிவில பாப்போம். இப்ப தூங்கு" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன்.

ஞாயிறன்று உன் முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டு, படத்தைத் தொட்டால், "இந்தப் படம் தற்போது உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று வந்தது. மற்ற செயலிகளிலும் துழாவினேன். எங்கும் இல்லை.

"விடுட்டி, எங்க போயிரப் போவுது" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அடுத்த ஞாயிறு நீ இல்லை.

இன்று மாலை தனியாகப் பார்த்தேன். இந்த முறை அடியில் எழுத்து ஓடியது. மேயர் ஏதோ பாலத்துக்கு வரி போடுவதைப் பற்றிப் பேசுகிறார். அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பே வரவில்லை. எழுத்தை எடுத்துவிட்டு, சத்தத்தை நிறுத்தி, மனைவிக்குப் பேசிப் பார்த்தேன். மேயர் சும்மா வாயை அசைத்துக்கொண்டிருந்தார். நீ பேசியதில் நாலைந்து வரிதான் என்னிடம் மிச்சம்.

உன் மகளுக்கு போன் போட்டு, மேயருக்கு நீ பேசியது ஏதாவது தெரியுமா என்று கேட்டேன்.

"உம்மா அதுல என்னத்தப் பேசுவாங்க ஆன்ட்டி? எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லியே."

கருவாட்டைச் சொன்னேன். மரியாதைக்குச் சிரித்தாள். பிறகு, "கடைசியா அவங்க ஆசப்பட்டுக் கேட்டது அது ஒண்ணுதான். அதும் கெடைக்கலியே" என்று அழுதாள்.

நீ கேட்ட அன்று அந்தப் படம் என் கையில் இருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை.