இந்த வருஷக் கொடையில் அப்பா வேஷம்

உடன்குடி
ஆவணி மாதம்

அன்பு மகள் முத்துச்செல்விக்கு அப்பா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நல்ல சுகம். உன் சுகத்தை எப்போதும்போல ‘நல்லா இருக்கேன்ப்பா’ என்று முடித்துவிடாமல் உள்ளதை உள்ளபடி எழுது. போனில் உன் குரலைக் கேட்டாலே கருப்பட்டி விலையைப் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன், அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். இதை மெல்போர்ன் வீட்டுக்கு அனுப்பாமல் உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன், காரணம் உனக்கே தெரியும்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்ததிலிருந்து பாதித் தூக்கத்தில் நடமாடுகிற மாதிரி இருக்கிறது எனக்கு. கடையில் கருப்பட்டி வாசனையிலேயே கண் செருகுகிறது, எடை போடச் சொன்னவர் காத்து நிற்கிறார், நான் தெருவில் செம்மண் பறப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்க, கடல் தாண்டிப் போயிட்டியளா என்று உன் அம்மா கேலி பண்ணுகிறாள். போக முடிந்தால் போயிருப்பேனே.

இந்த வருஷமும் பால்துரை அண்ணாச்சி எழுதிய நாடகம்தான், அப்பா வேஷம் வழக்கம்போல எனக்கு. நம் ஊர் நாடகத்து அப்பாவை உனக்குத் தெரியுமே, தோளில் துண்டு, நெஞ்சில் கை, வாயைத் திறந்தால் இருமல். மகளுக்குத் தலை பின்னிவிடுகிற அப்பனை எந்த மேடையிலும் நான் கண்டதில்லை. புருஷன் என்றால் முதல் பாதியில் குடித்துவிட்டு அடிப்பான், கடைசியில் காலில் விழுவான், அவள் தூக்கி நிறுத்துவாள், சனம் கைதட்டும். நாடகத்தில் ஒரு புருஷன் திருந்த மூன்று சீன் போதும். நடுவில் அடிபட்ட மகள் பெட்டியோடு பிறந்த வீட்டு வாசலில் வந்து நிற்பாள், அப்பன் புத்தி சொல்லித் திருப்பி அனுப்புவான். அதுதான் என் பெரிய சீன். வருஷா வருஷம் அந்த வசனத்துக்கு விசில் வாங்கியிருக்கிறேன், அதில் எனக்குப் பெருமைதான்.

மாப்பிள்ளை உன்மேல் கை நீட்டுவதையும், வந்துவிடட்டுமா என்று நீ அழுதுகொண்டு கேட்டதையும் கொடைக்குப் பந்தக்கால் நாட்டிய அன்றே அம்மா என்னிடம் சொன்னாள். நான் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஒத்திகைக்குப் போய்விட்டேன். ஊர் வாயை நினைத்தேன், நீ அங்கே ஒற்றையாய் நிற்பதையும் நினைத்தேன்.

இப்போதெல்லாம் மைக்கைச் சீக்கிரம் அணைக்கச் சொல்லிவிடுகிறார்கள் என்று பொழுது சாயவே நாடகத்தைத் தொடங்கிவிட்டோம். பனைகளுக்குப் பின்னால் வானம் சிவந்து கிடந்தது, கடல் காற்றில் படுதா உப்பி உப்பி அடங்கியது. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற தங்கப்பாண்டிதான் மகள் வேஷம், மீசையை மழித்து, உன் அம்மாவின் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு பெட்டியோடு வந்து நின்றான். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவன் முகமே எனக்குத் தெரியவில்லை. நீ நிற்கிறாய். விமானத்தில் வந்த களைப்போடு, தலை கலைந்து, நீயே நிற்கிறாய். போளா, ஒம் புருஷன் வீட்டுக்கே போ என்று அண்ணாச்சி மறைவிலிருந்து வசனம் எடுத்துக் கொடுக்கிறார், காதில் விழுகிறது, வாயில் வரவில்லை. பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, ஏளா, உள்ள வா, சாப்ட்டியா என்று கேட்டுவிட்டேன். தங்கப்பாண்டி முழித்தான், பிறகு நிஜமாகவே அழுதுகொண்டு உள்ளே வந்துவிட்டான். மகள் வீட்டுக்குள் வந்த பிறகு நாடகத்தில் என்ன இருக்கிறது, அதோடு படுதாவை இறக்கிவிட்டார்கள். திருந்துவதற்காகக் காலி பாட்டிலோடு காத்திருந்த புருஷன் வேஷக்காரன் கடைசிவரை மேடை ஏறவே இல்லை. நாடகத்தக் கெடுத்துட்டியே இசக்கி என்று அண்ணாச்சி இன்னும் என்னோடு பேசுவதில்லை. விசிலும் வரவில்லை, பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கைச் சிந்தியது மட்டும் கேட்டது. உன் அம்மாதான் என்று நினைக்கிறேன், கேட்டால் இல்லை என்கிறாள்.

அதனால் நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், வந்துவிடு. ஊர் பேசும், பேசட்டும், கடைக்கு வருகிறவர்களிடம் நானும் பேசிக்கொள்கிறேன். மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாயிற்று. பகலில் கண்ணை மூடினால்கூடத் தூத்துக்குடி ஏர்போர்ட் வாசலில்தான் நிற்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, அவரிடம் வாய்ப்பேச்சு வளர்க்காதே, புறப்படுவதை முன்கூட்டிச் சொல்லவும் செய்யாதே.

அம்மன் உனக்குத் துணையிருப்பாள், நீ தலை நிமிர்ந்து நூறு வயசு வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, பாஸ்போர்ட்டை அந்த வீட்டில் வைக்காதே.

உன் அப்பா,
இசக்கியப்பன்