வெள்ளைச் சுவரில் அவள் காட்டிய மழை

டீச்சர்,

இன்று காலை பள்ளிக்குள் நுழைந்ததும் பெயிண்ட் வாடை. விடுமுறையில் வகுப்பறைகளுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். வாசலிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் மாற்றலாகிப் போய் ஒரு வருடம் ஆகிறது; உங்களிடம் சொல்ல வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது.

அன்று நீங்கள் நடத்தியது மழை எப்படி உண்டாகிறது என்ற பாடம். புத்தகத்தில் கடல் போட்டிருந்தது. நீங்கள் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, வகுப்பின் பின்சுவர் முழுக்க நம் தேயிலைத் தோட்டத்தையே வரைந்தீர்கள். கீழே ஆறு, நடுவில் பிள்ளைகள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகள், மேலே தேயிலைச் சரிவு. தலைமையாசிரியர் வந்து பார்த்துக் கொதித்தார்.

“இது ஸ்கூலா, சினிமா தட்டியா? அடுத்த வாரம் இலாகாவுலேருந்து அதிகாரி வராரு டீச்சர்.”

“ஐயா, இதுங்க கடலக் கண்டதே இல்ல. பனி ஏறி வர்றதத் தெனமும் பாக்குதுங்க லா. பாக்குறதுலேருந்து ஆரம்பிக்கிறேன்.”

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் படத்தின் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். நான் அருகில்தான் நின்றேன். அதே வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள்; அந்தப் படத்தின் முன் பிள்ளைகள் எப்படிப் பேசினார்கள் என்று கண்ணால் பார்த்தவள். ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அந்தப் பார்வைக்குத்தான் இந்தக் கடிதம்.

மறுநாள் அதிகாரி கேட்டார், “மழை எங்கேருந்து வருது? யார் சொல்றீங்க?”

எழுந்தது யார்? ‘படிப்பு ஏறாத பிள்ளை’ என்று தலைமையாசிரியர் பட்டியலில் எழுதிவைத்திருந்த ரூபாவதி. நேராக அந்த வெள்ளைச் சுவருக்குப் போனாள். கீழே விரலை வைத்தாள்.

“இங்க ஆறு. வெயில் பட்டா தண்ணி ஆவியாப் போவும். இங்க எங்க லயம். மேல போவப் போவக் குளுரும் சார், பனியாயிரும். இன்னும் மேல மேகம். பாரம் தாங்காம இந்தா, தேயில மேல கொட்டிரும்.”

“சுவத்துல ஒண்ணுமே இல்லையேம்மா?”

“இருந்துச்சு சார். நேத்து வெள்ளையடிச்சிட்டாங்க.”

தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றே அவள் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. உங்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்களும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. திங்கட்கிழமை மறுபடி வரையத் தொடங்கினீர்கள். “பயந்துக்கிட்டே பாடம் நடத்துனா, பிள்ளைங்க பயத்தத்தான் படிக்கும்” என்றீர்கள். அன்றைக்கு வர்ணம் கலந்துகொடுத்தேன். அதோடு என் கடன் தீர்ந்தது என்று நான் நினைக்கவில்லை.

விடுமுறைக்கு முன் ஆசிரியர் கூட்டம். புதுத் தலைமையாசிரியை எல்லாருக்கும் ஒரே படத்தொகுப்பை அனுப்பியிருந்தார். திரையில் பெரிதாக, பளபளவென்று, பட்டணத்து ரயில். “போக்குவரத்துப் பாடத்துக்கு இதத்தான் காட்டணும்” என்றார். படம் இருந்தால் போதுமா டீச்சர்? பிள்ளை அதற்குள் எங்காவது நிற்க வேண்டாமா?

எழுந்தேன். “எங்க பிள்ளைங்க திரிங்காப் ஊருலேருந்து முட்டக்கோஸ் ஏத்திக்கிட்டுப் போற லோரியப் பாத்து வளர்றதுங்க. நான் அதத்தான் மொதல்ல வரைவேன்.”

“அப்ப நான் ரிப்போர்ட் எழுத வேண்டி வரும்.”

“எழுதுங்க. எம் பேரப் பிழையில்லாம எழுதுங்க.”

சொல்லிவிட்டும் நான் உட்காரவில்லை.