துவர்ப்புக் குழையும் என் பொறாமையும்

அக்கா,

இன்று காலை மாட்டுக்கு இபில் இபில் மரத்தின் துவர்ப்புக் குழை வெட்டினேன். கை கழுவியும் அதன் பச்சை மணம் போகவில்லை. உங்கள் கையிலும் எப்போதும் இதே மணம்தான். அந்தக் காலத்தில் எனக்கு அது பட்டாலே எரிச்சல் வரும்.

போர் முடிந்து மீள்குடியேறி வந்த வருடம், பக்கத்துப் பக்கத்து வளவில் இருந்த நம் இருவருக்கும் ஒரே லொறியிலிருந்துதான் பசு இறக்கித் தந்தார்கள். ஒரே இனம், ஒரே வயது. இரணைமடுப் பக்கம் ஒரே தரவையில்தான் இரண்டும் மேய்ந்தன. ஆனால் உங்கள் பசு ஆறு போத்தல் கறக்க, என்னுடையது மூன்றரையில் நின்றது. மாரியில் இளம்புல்லும் பயற்றங்கொடியும் தின்ற மாடுகள் வயிறு ஊதி விழும். உங்களுடையது மட்டும் ஆறுதலாக அசைபோட்டபடி படுத்திருக்கும். பால் சேர்க்கும் இடத்தில் எல்லோருக்கும் உங்கள் கதைதான். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த உங்கள் குடும்பத்துக்கு, யாழ்ப்பாணத்தில் பரம்பரையாக மாடு வளர்த்த எங்களை விட என்ன தெரிந்துவிடும் என்று கருவினேன். வெட்கக்கேடுதான். ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் வேலிப் பொட்டு வழியாக, நீங்கள் குழை வெட்டுவதைக் கண்டேன். இரகசியம் அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன். அதை நிழலில் வாட வைத்து, வைக்கோலுக்குள் ஒரு பிடி இரண்டு பிடியாகக் கலந்ததைப் பார்க்கும் பொறுமை எனக்கு இருக்கவில்லை. ஒரு கிழமைக்குள் உங்களை முந்திவிட வேண்டும் என்று, பச்சைக் குழையை மட்டுமே கட்டுக் கட்டாகப் போட்டேன்.

நாலாம் நாள் பசு தீனைத் திரும்பியும் பார்க்கவில்லை. சாணம் கல்லாகிவிட்டது. பால் ஒரு போத்தலுக்கு இறங்கியது. என் பிள்ளைகளின் பாடு அந்தப் பசுவில்தான் இருந்தது. நீங்கள் வந்து சாணத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்து, என்ன கொடுத்தேன் என்று கேட்டீர்கள். புல்லுத்தான் என்றேன். காலடி முழுக்க இபில் இபில் காம்பு கிடந்தது. அதைப் பார்த்தும் பாராதது போலச் சொன்னீர்கள்:

"தங்கச்சி, துவர்ப்பு அளவாப் போனா வயிறு ஊதாது, தின்ட சத்தும் வீணாகாமல் பாலில சேரும். கூடிப்போனா அதே துவர்ப்புத்தான் செமிக்க விடாது."

பிறகு பத்து நாள் உங்கள் வைக்கோலில் பாதியை எனக்குக் கொண்டுவந்து போட்டீர்கள். மாடு தேறியதும், குழையை வாட வைத்து அளவாகக் கலப்பதைக் காட்டித் தந்தீர்கள். எனக்கோ முன்பை விடப் பற்றிக்கொண்டு வந்தது. பால்தான் கூட என்றால் குணமும் கூடவா இருக்க வேண்டும்? ஒருதரம் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

போன ஆவணியில் நீங்கள் கண்மூடினீர்கள். செத்தவீட்டிலும், மாடு பார்ப்பதில் உங்களைப் போல் ஆளில்லை என்றுதான் கதைத்தார்கள். அழுதுகொண்டே பொறாமைப்பட்டேன் அக்கா. இரண்டும் உண்மை.

இப்போது அளவு கேட்டு ஆட்கள் என்னிடம் வருகிறார்கள். முந்தாநாள், புதிதாகப் பசு வாங்கிய ஒரு பெண் வந்தாள். வாட வைப்பதையும் கலப்பதையும் நீங்கள் காட்டியபடியே காட்டினேன். இதை ஆரிட்டப் பழகினீங்கள் என்று கேட்டாள். உங்கள் பெயர் நாக்கு நுனி வரை வந்தது.

"நானாத்தான் பழகினனான்" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால், நீங்களும் ஓம் என்று தலையாட்டியிருப்பீர்கள். அதைத்தான் என்னால் இன்னமும் தாங்க முடியவில்லை.