நீலத் தாளில் ஒரு கிணறு

அன்பும் ஆத்திரமும் சரிபாதியாய் என் நெஞ்சில் குடியிருக்கும் மச்சானுக்கு,

படத்தின் பின்பக்கம் 'மேல்' என்று ஒரு சொல் எழுதிவிட்டுப் போக உங்களுக்குக் கை வலித்ததா? அது இல்லாமல் நாமக்கல் சீமையே இரண்டாகப் பிளக்கப் பார்த்தது.

செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் கட்டிக் கொடுத்த வெள்ளைக்காரப் பத்திரிகைத் தாளை நீங்கள் பிரித்துப் பார்த்த அன்று பிடித்தது சனி. ஆளில்லை, மரமில்லை, வெறும் நிறத் துண்டுகள். பாரிஸ் பட்டணத்தில் யாரோ போட்ட புதுமாதிரிப் படம். அதன்பிறகு நம் வீட்டில் ஒரு வெள்ளைத் தாள் தப்பியதா? மஞ்சளும் காவியும் பச்சையும் சலவை நீலமும் பூசி, கொடியில் காயப்போட்டு, வெட்டி ஒட்டினீர்கள். புளியங்கொட்டைப் பசை கிண்டிக் கிண்டி என் தோள்கள் பனைமரமாகிவிட்டன.

உங்கள் கடைசிப் படத்தை உங்கள் மகள் வள்ளி கூடத்தில் மாட்டினாள். உங்கள் பதினாறாம் நாள் காரியத்து விருந்துக்கு வந்த உங்கள் அண்ணன் அதன்முன் நின்றார். இலையில் சோறு ஆறிப்போகும்வரை நின்றார்.

"ஏனுங் மாப்ள, தம்பி எங்க பொதுக்காட்டைப் பாகம் பிரிச்சு வரஞ்சு வெச்சுட்டுத்தான் போயிருக்கறான். காவி மேட்டுக்காடு, பச்சை தோட்டம், குறுக்கால மஞ்சள்ல வரப்பு. கெணறு பாருங், எம்பட பக்கம் இருக்குது."

அது கிணறில்லை, நீலம் பூசிய வட்டத் தாள் என்றேன். அந்த வரப்பு, நீங்கள் ஒட்டும்போது நான் போட்ட தும்மலில் பறந்துபோய் உட்கார்ந்த துண்டு என்று சத்தியமே செய்தேன். மனிதர் நம்பவில்லை. படத்தைச் சேலத்து வக்கீலிடம் கொண்டுபோக ஆணியில் கைவைத்துவிட்டார். கோர்ட்டுக்குப் போன தாள் வீடு திரும்புமா? உங்கள் கை பட்ட கடைசித் தாள் அது. வள்ளியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் முன்னே வந்து, படத்தை எடுத்து, தலைகீழாகத் திருப்பி மாட்டினாள்.

"இப்பப் பாருங் பெரியப்பா. கெணறு எங்க பக்கம் வந்துருச்சு."

உங்கள் அண்ணன் கழுத்தை இடம் சாய்த்தார், வலம் சாய்த்தார். எதுதான் மேல்பக்கம் என்று என்னைக் கேட்டார்.

"ஒட்டுனவருக்குத்தானுங் தெரியும்" என்றேன்.

வக்கீலை மறந்து, போய் இலைமுன் உட்கார்ந்தார்.

அதோடு விட்டதா? படம் இன்னும் அப்படியேதான் தொங்குகிறது. என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பார்க்க அப்படித்தான் நன்றாக இருக்கிறது. நீலம் உச்சியில் மிதக்கிறது. நீங்கள் நினைத்ததும் இதுதானா? நாங்கள்தான் முதலில் தப்பாக மாட்டினோமா? கேட்டால் பதில் சொல்லாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறீர்களே!

இப்போது வள்ளி தாளுக்கு நிறம் பூசுகிறாள். கொடி முழுக்க ஒரே சிவப்பு. என் வேட்டி காயப்போட இடமில்லை. நேற்று, "மாமா, பசை வேணுங்களே" என்றாள். என் தோள்கள் அழுதன.

கிண்டுகிறேன் மச்சான். அவள் ஒட்டி முடிக்கும்வரை கிண்ணத்தையும் நானே பிடிக்கிறேன். தும்மல் வந்தால் புதுச்சத்திரம்வரை ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருகிறேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
அக்காவைக் கட்டிக்கொடுத்த பாவத்துக்குப் பசை கிண்டும்
உங்கள் மைத்துனன்