இரங்கல் கடிதம் வந்தால் நம்ப வேண்டாம்

அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முட்டிவலி, அம்மாவின் பிரஷர் இரண்டும் எப்படி இருக்கின்றன? நான் நன்றாக இருக்கிறேன். இந்த ஒரு வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனியின் ஊழியர் விவரமெல்லாம் கிளவுட் மென்பொருளில் இருக்கிறது. அதற்கு அப்டேட் வரும்போதெல்லாம் முதலில் ஒரு சோதனை நகலில் போட்டுப் பார்ப்பது என் வேலை. ஊழியர் யாராவது இறந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கூட வேலை செய்பவர்களைச் சாகடிக்க மனசு வரவில்லை. என் பெயரையே போட்டேன். சோதனை நகலிலிருந்து எதுவும் வெளியே போகாதபடி ஒரு பூட்டு உண்டு. புது அப்டேட் அதைத் திறந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. இரங்கல் கடிதம் அச்சாகி நம் வீட்டுக்குத் தபாலில் கிளம்பிவிட்டது.

"நல்லதாப் போச்சு, தப்பு இப்பவே மாட்டிக்கிச்சு" என்று மேனேஜர் சிரிக்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நான் செத்த சேதி ஆபீஸ் வாசல் கதவுக்கும் போயிருக்கிறது. இன்று காலை என் அட்டைக்கு அது திறக்கவில்லை. காவலாளி திரையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பேர்ல யாரும் இல்லையேம்மா" என்றார். செத்த பிறகும் நேரத்துக்கு ஆபீஸ் வந்தவள் உங்கள் மகள்தான்.

தபால்காரரிடம் நீங்களே போய் வாங்குங்கள். பிரிக்காமல் கிழித்துப் போடுங்கள். போனில் சொன்னால் என் குரலே உங்களைப் பயமுறுத்தும், அதனால்தான் மெயில்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். அம்மாவிடம் எதுவும் சொல்லாதீர்கள். எனக்குப் போன் போட்டு, சும்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மட்டும் அம்மாவைச் சொல்லுங்கள். ஒரு தடவை போதும்.

உங்கள் மகள்