பதினோராவது ஆளுக்கு ஒரு பவுன்சர்

மூண்டா,
12 நவம்பர் 1974

தென் ஆஸ்திரேலியாவின் இடியே, மின்னலே, என் மருமகன் டென்சிலே,

மாமா கார்னெட் எழுதுவது. பார்லி முற்றிவிட்டது. ஈக்கள் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு பறக்கும் அளவுக்குக் கொழுத்திருக்கின்றன. உன் அம்மா நலம். நலமில்லாதது என் மானம் ஒன்றுதான்.

போன வருஷக் கிரிக்கெட் ஆட்டத்தில் மெல்போர்ன் அணியில் கடைசியாக மட்டை பிடிக்க இறங்கும் பதினோராவது ஆள், மட்டைக்கும் மண்வெட்டிக்கும் வித்தியாசம் தெரியாத அந்த வேகப்பந்துக்காரன் ஸ்டான் லூபெக், முக்கால் மணி நேரம் நின்று ஆட்டத்தை டிரா ஆக்கினான். நீயோ தபால்காரன் மாதிரி பந்தை அவன் காலடியில் வைத்துவிட்டு வந்தாய். பப்பில் ஒருவன் கேட்கிறான்: "என்ன கார்னெட், ஒம் மருமகன் பந்து போடுறானா, கொழந்தைக்குச் சோறு ஊட்டுறானா?" குடித்த பீர் மூக்கு வழியாக வந்துவிட்டது.

வேகப்பந்துக்காரர்கள் ஒருவர் தலைக்கு ஒருவர் எகிறுபந்து, அதான் அந்த பவுன்சர், போடுவதில்லை என்று உங்களுக்குள் ஒப்பந்தமாமே? யாரடா கையெழுத்துப் போட்டது? இந்த முறையும் ஜெயிக்காவிட்டால் உன்னை அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். லூபெக் மறுபடி வருகிறான். மண்டையைப் பார்த்துப் போடு.

உன் சேனாதிபதி,
மாமா

அடிலெய்ட்,
3 டிசம்பர் 1974

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடி போட்டேன்.

லூபெக் தலையில் துணித்தொப்பிதான். நான் வழக்கம்போலக் காலடியில்தான் போடுவேன் என்று நம்பி முன்காலை எடுத்து வைத்தான். பந்து காதில் பட்டது. தகரக் கூரையில் கல் விழுந்தாற்போலச் சத்தம். முழங்காலில் சரிந்து, முகங்குப்புற விழுந்தான். காதிலிருந்து ரத்தம் ஆடுகளத்தின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓடியது. நான்கு பேர் தூக்கிப் போனார்கள். மைதானக்காரர் மரத்தூள் தூவினார். நாங்கள் ஜெயித்துவிட்டோம், அணியில் என் இடமும் நிலைத்துவிட்டது.

வழக்கம்போல மாலையில் பீர் எடுத்துக்கொண்டு அவர்கள் அறைக்குப் போனேன். பெஞ்சில் யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. அவர்களுடைய இன்னொரு வேகப்பந்துக்காரன் கியோ மட்டும் பேசினான்.

"நீயும் பதினோராவதுதானே எறங்குவே, தம்பி?"

"ஆமா."

"எல்லா ஊருக்கும் போவேல்ல? போ, போ."

அன்புடன்,
டென்சில்

மூண்டா,
10 டிசம்பர் 1974

லூபெக்கை வென்ற வீராதி வீரனுக்கு,

உன் பந்து பட்ட சத்தத்தில் இங்கே மூண்டாவில் மூன்று கோழிகள் முட்டையிட்டன! பப்பில் உள்ள அத்தனை பேரும் குடித்தார்கள்; தரையில் சிந்தியதை நக்கிய நாய் இரண்டு நாள் பாடிற்று. திட்டம் என்னுடையது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். கியோ பேச்சுக்கெல்லாம் நடுங்காதே. குரைக்கிறவன் கடிக்க மாட்டான்.

பெருமையால் இரண்டு அங்குலம் வளர்ந்த
மாமா

பிரிஸ்பேன்,
14 ஜனவரி 1975

அன்புள்ள மாமாவுக்கு,

பெர்த்தில் விலா எலும்பு இரண்டில் விரிசல் விழுந்துவிட்டது. போட்டவன் லூபெக்கை நேரில் பார்த்ததுகூட இல்லையாம். "இது ஸ்டானுக்கு" என்று சொல்லிவிட்டுப் போட்டான். இங்கே உதடு கிழிந்து ஏழு தையல். ஒதுங்கினால் பந்தும் ஒதுங்கி வருகிறது. என் பக்கத்து ஆட்களே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

லூபெக்கின் இடது காது போய்விட்டது. இனி கேட்காது.

பிப்ரவரியில் மெல்போர்ன். கியோ அங்கே இருப்பான். எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மாவிடம் சொல்லாதீர்கள். லூபெக் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டால் இது இத்தோடு முடியும் என்று எங்கள் கேப்டன் சொல்கிறார். போகட்டுமா? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

டென்சில்

மூண்டா,
21 ஜனவரி 1975

மருமகனே,

மன்னிப்பா! நம் வம்சத்தில் செத்தவன்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சாகவில்லை. நீ அந்த வீட்டுப் படியேறினால், இங்கே நான் பப் வாசலில் வாயில் துணியைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஏழு தையலா? என் அப்பாவுக்குச் சுரங்கத்தில் தலையே கழன்றது; அதைத் திருகி மாட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனார்.

கியோ மட்டை பிடிக்க வருவான் அல்லவா? முதல் பந்து பல்லுக்கு. அவன் முந்துவதற்குள் நீ முந்து.

மாமா

மெல்போர்ன்,
19 பிப்ரவரி 1975

மாமாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து அப்படித்தான் இருக்கும்.

லூபெக் வீட்டுக்குப் போகவில்லை. கியோவுக்கு முதல் பந்தையே பல்லுக்குப் போட்டேன். குனிந்துவிட்டான். நிமிர்ந்து சிரித்தான்.

பிறகு என் முறை. அவன் முதல் பந்து தொண்டையை உரசிப் போனது. இரண்டாவதற்கு முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினேன். மட்டைப்பிடிக்கும் பந்துக்கும் நடுவில் வலது கை. கையுறையைக் கத்தரித்துத்தான் எடுத்தார்கள். ஒரு விரலில் எலும்பு வெளியே தெரிந்தது. இன்னும் இரண்டு நொறுங்கிவிட்டன. கரண்டி பிடிக்கலாம், பந்து பிடிக்க முடியாது என்கிறார் டாக்டர். அணியில் என் பெயரை அடித்துவிட்டார்கள்.

நேற்று லூபெக் வந்தான். கேட்கிற காது என் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"நீ அப்படிப் போடுற ஆளில்லையேப்பா. யார் சொல்லிப் போட்டே?"

"யாரும் சொல்லல."

"யாராச்சும் ஏத்திவிட்டிருந்தா சொல்லு. இத்தோட விட்டுர்றேன். ரெண்டு பேரும் கை குடுத்துக்கலாம்."

"நானாத்தான் போட்டேன், ஸ்டான்."

"அப்ப உன்னை மன்னிக்க முடியாது" என்று எழுந்து போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஊருக்கு வருகிறேன். அம்மா மட்டும் வந்தால் போதும். நீங்கள் வர வேண்டாம், அன்றைக்கு மட்டுமல்ல.

டென்சில்