மூன்று முறை முழங்கிய உச்சி முரசு

கடம்பாறு கரைக்குள் நடந்து கடலைச் சேர்க, வயல் விளைக, வழிப்போவார் அஞ்சாது உறங்குக. வெண்மணலூர் அரியணையில் வீற்றிருந்து கடம்பாற்று நாட்டைப் புரக்கும் ஆம்பல் முத்திரையுடைய அரசி நல்லினிமாதேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலை எழுதுவாள் சாத்தி எழுதியது. தென்முகக் கோட்டையைக் காக்கும் தலைவியும், தேவியின் உடன்பிறந்த தங்கையுமாகிய எயினியார் காண்க. கோட்டை மதிலும், மதிலுக்குள் வாழ்வாரும், உப்பளத்து மக்களும், துறையில் நிற்கும் மரக்கலங்களும் நலம் பெறுக. பேசினவர் பேச்சைத் திருத்தாமல் எழுதுக என்பது தேவியின் கட்டளை. ஆதலால் அரச ஓலைக்கு ஒவ்வாத சொற்கள் இதில் வரும், பொறுத்தருள்க.

முதலில் அறிய வேண்டியது இது. பங்குனித் திங்கள் அத்த விண்மீன் நாளாகிய இன்று தேவிக்கு ஐம்பது ஆண்டு நிறைந்தது. தேவி உயிரோடும் நலத்தோடும் இருக்கிறார்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. நாளை மறுநாள் குதிரைவீரன் ஒருவன் தங்கள் வாயிலுக்கு வந்து, நான்கு ஏடு கொண்ட ஓலைக்கட்டு ஒன்றைத் தருவான். இறந்துபோன அரசியின் சொல்லாக எழுதப்பட்ட கட்டு அது. அதைப் பிரிக்குமுன் இதைப் படித்து முடிக்க.

அன்னையாரும், அன்னையின் தமக்கையாரும், தமையனாரும் ஐம்பது நிறையுமுன்னே மறைந்ததைத் தாங்கள் அறிவீர்கள். தம் ஐம்பதாம் பிறந்தநாள் விழாவாகிய நாண்மங்கலத்தில் உடுக்கவென்று அன்னையார் நெய்வித்த வெண்பட்டு, மடிப்புக் கலையாமல் பேழையில் கிடப்பதையும் அறிவீர்கள். இந்த ஓராண்டாகத் தேவி அந்தப் பேழையைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஊருக்குப் புறப்படுகிறவர்போல ஒவ்வொன்றாக ஒழுங்கு செய்தார். விருப்பமான வீணையை மகள் பாவைக்குக் கொடுத்தார். கேட்டதற்கு, விரல் வலிக்கிறது என்றார். அச்சத்தை எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது மெய்யாகிவிடும் என்று ஒரு பக்கம் தோன்றியது. ஓர் அரசி இப்படி அஞ்சலாமா என்ற நாணம் இன்னொரு பக்கம். இருபத்திரண்டு ஆண்டு அவையில் அமர்ந்து பழகிய முகம் தம்மைக் காட்டிக்கொடாது என்று மட்டும் உறுதியாக நம்பினார்.

ஆள்பவர் தம் பிறந்தநாள்தோறும் தாம் இறந்தால் பிரிக்கவென விடையோலை ஒன்று எழுதிக் கருவூலத்தில் வைப்பதும், அடுத்த ஆண்டு அதைப் பிரிக்காமலே தீயிலிடுவதும் நம் நாட்டு வழக்கம். இவ்வாண்டு தேவி அந்த வழக்கத்தை மீறினார். தாம் போன இரண்டாம் நாள் தங்கள் கையில் சேரும்படி கணக்கிட்டு, சதுப்பைச் சுற்றிச் செல்லும் தரைவழியில், விரையாமல் போகச் சொல்லி அதை முன்னதாகவே அனுப்பிவிட்டார்.

இன்று காலை வழக்கப்படி தேவி வெள்ளணி அணிந்தார், சிறைக்கதவுகள் திறக்கப்பட்டன. பிறகு அவையோரை அனுப்பிவிட்டு, மகிழங்காவில் நெருங்கியவரோடு மட்டும் உண்ண அமர்ந்தார். ஒரு பக்கம் கொழுநர் ஆதனார். மறுபக்கம் மகள் பாவை. எதிரே, இளமையில் தேவியோடும் தங்களோடும் ஆற்றில் நீந்தியவளும் இன்று படகுத்துறைத் தலைவியுமான வெள்ளியாள். பரிமாறுகிறவர் வரிசையில் மருத்துவர் கூத்தனாரும் நின்றார். அகப்பையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அவர் அங்கே ஏன் நிற்கிறார் என்று தேவி கேட்கவில்லை. கேட்கும் துணிவு இல்லை.

தேவி பிறந்தது உச்சிப்பொழுது. உச்சி முரசு ஒலித்தால் ஐம்பது நிறைந்தது. அதற்குமுன் எதுவும் நடக்கலாம். ஆதலால் இலையில் என்ன விழுந்தது என்றுகூடத் தேவி பார்க்கவில்லை.

முரசு முழங்கியது. ஆதனார் எழுந்து கைகொட்டி ஆரவாரித்தார். தேவியின் நெஞ்சில் ஓராண்டாக நின்றிருந்த மூச்சு இறங்கியது. அப்போது கண் தற்செயலாகப் பந்தல் காலின் நிழல்மேல் விழுந்தது. நிழல் இன்னும் மேற்கே சாய்ந்து கிடந்தது. இறங்கிய மூச்சு மீண்டும் ஏறியது. தேவி தலை குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

சற்றுப்பொழுதில் முரசு மறுபடியும் முழங்கியது. இம்முறை பாவையும் வெள்ளியாளும் குலவையிட்டார்கள். ஆதனார் திகைத்து அவர்களைப் பார்த்தார். அவர்கள் ஆதனாரைப் பார்த்தார்கள். நாழிகைக் கணக்கர் ஓரியார் வியர்க்க வியர்க்க ஓடிவந்து நிலத்தில் விழுந்தார்.

“தேவி, என்னைக் காப்பாத்தணும். ஒரு நாழிகை முன்னாடியே அடிச்சிடுன்னு ஆதனார் ஐயா சொன்னாரு. அரை நாழிகை முன்னாடி அடின்னு இளவரசியும் படகுத் தலைவியும் சொன்னாங்க. ரெண்டும் அடிச்சுட்டேன். நெசமான உச்சி இனிமேத்தான் வரணும். ஏட்டில நான் எந்த உச்சிய எழுதட்டும்?”

 கூத்தனாரின் கையிலிருந்து அகப்பை விழுந்தது.

“உனக்குத் தெரியுமா?” என்று தேவி ஆதனாரிடம் கேட்டார்.

“வருஷம் பூரா உன் பக்கத்துலதான படுக்கிறேன்? சீக்கிரம் முடிஞ்சு தொலையட்டும்னுதான் அடிக்கச் சொன்னேன்” என்றார் அவர்.

“அம்மா, விரல் வலிக்குதுன்னு வீணையக் குடுத்துட்டு மறுநாளே பந்து ஆடினியே. நாங்க என்ன குருடா?” என்று பாவை அழுதாள்.

வெள்ளியாள் மட்டும் இலையிலிருந்து கண் எடுக்காமல், “ஏண்டி நல்லினி, பயப்படுறதுக்கும் உனக்கு மட்டுந்தான் முடி சூட்டியிருக்கா?” என்றாள்.

தேவிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மெல்ல; பிறகு அடக்க முடியாமல், கண்ணில் நீர் வழிய. தாம் ஒருவரே சுமந்ததாக எண்ணியதை இத்தனை பேரும் ஒருவர் அறியாமல் ஒருவர் சுமந்திருக்கிறார்கள். பாவையும் சிரித்தாள், ஆதனாருக்குப் புரையேறியது, கூத்தனார் அவர் முதுகைத் தட்டினார். ஓசை அடங்கியபின் ஓரியார் பந்தலுக்கு வெளியே நின்றபடி தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அடிச்சாச்சு, தேவி.” உண்மையான உச்சி முரசு எவர் காதிலும் விழவில்லை. நிழல் காலடியில் சுருண்டிருந்தது.

தேவி எழுந்து உள்ளே போய் அன்னையாரின் பட்டை உடுத்தி வந்தார். பசி எடுத்தது. இரண்டாம் முறை சோறு கேட்டு உண்டார். பாயசத்தின்போதுதான் ஓலைக்கட்டு நினைவுக்கு வந்தது.

அதை வழிமறித்துத் திரும்ப வாங்க வேண்டும் என்று தேவி பதறினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆதனார் கேட்டார். முதல் ஏட்டில் எயினியார் முடிசூடுக என்றும், இரண்டாம் ஏட்டில் பாவைக்குரிய ஊர்கள் இவை என்றும், மூன்றாம் ஏட்டில் ஆதனாரை அவருடைய மலைநாட்டுக்குச் சிறப்போடு அனுப்பிவைக்க என்றும் எழுதியதாகத் தேவி சொன்னார்.

“என்னைக் கேக்காமலே என்னை ஊருக்கு அனுப்பிட்டியா? ஆடு மாடு ஏதும் கூட உண்டா?” என்றார் ஆதனார். சிரித்துத்தான் சொன்னார், ஆயினும் அவர் முகம் சற்று வாடியதைத் தேவி கண்டார்.

நான்காம் ஏட்டைப் பற்றிச் சொல்லத் தேவிக்கு நெடுநேரம் ஆயிற்று. மூன்றாண்டுக்கு முன் பெருவெள்ளத்தில் தாங்கள் ஆணையின்றி மதகைத் திறந்தீர்கள் என்றும், அரச வயல் மூழ்கியது என்றும் தேவி தங்களை முழு அவையில் கடிந்து தென்முகக் கோட்டைக்கு அனுப்பினார் அன்றோ? மதகு திறவாதிருந்தால் கரை உடைந்து ஊரே போயிருக்கும் என்பதை அடுத்த திங்களே தேவி கண்டறிந்தார். அறிந்தும் சொல்லவில்லை. ஒரு திங்கள் கடந்ததும் சொல்வது கடினமாயிற்று. ஓராண்டு கடந்ததும் சொல்லாதிருப்பதே இயல்பாயிற்று. நான்காம் ஏட்டில் அதை எழுதியிருக்கிறார்.

“அதையும் திரும்ப வாங்கணுமா?” என்று ஆதனார் கேட்டார்.

 தேவிக்கு, அந்த ஏட்டை எழுதியபோது எழுத்தாணி தயங்காமல் ஓடியது நினைவுக்கு வந்தது. படிக்கிறவளின் முகத்தைத் தாம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அல்லவா அது அவ்வளவு எளிதாக வந்தது?

“செத்தப்புறம் மன்னிப்புக் கேக்கறது ரொம்ப வசதிடி. அவ திருப்பித் திட்ட முடியாது பாரு” என்றாள் வெள்ளியாள். சொல்லிவிட்டுக் கை கழுவி, படகை அவிழ்க்கச் சொல்லி ஆள் அனுப்பினாள். நீரோட்டத்தோடு வந்தால் குதிரைக்கு ஒரு பகல் முன்னே கோட்டையை அடையலாம் என்று அவளே கணக்கிட்டாள்.

ஆதலால் ஆணை இது. முதல் மூன்று ஏடுகள் செல்லா. அவற்றைப் படியாமல் அடுப்பில் இடுக. நான்காம் ஏடு நிற்கும். அதைத் தாங்கள் படித்தபின் இவ்வூருக்குக் கொண்டுவருக. எந்த அவையில் தங்களைக் கடிந்தாரோ அந்த அவையில், அதே இடத்தில் நின்று, தேவி தம் வாயாலேயே அதைப் படிப்பார். இவ்வோலை கொணரும் வெள்ளியாளுக்கு உலர்ந்த துணியும் சுடுசோறும் தருக. அவளிடம் உள்ள பானையில் நாண்மங்கலத்துப் பொரிவிளங்காய் உருண்டைகள் இருக்கின்றன; வழியில் அவள் தின்றது போக எஞ்சியவை தங்களுடையவை.

ஆம்பல் முத்திரை இடப்பட்டது. சாத்தி எழுத்து.

முத்திரைக்குக் கீழே தேவி தம் கைப்பட எழுதியது:

எயினி, எனக்கு இன்னும் நாள் இருக்கிறது. இருந்தாலும் சீக்கிரம் வா.